ஊசியைத் திருப்பி வைத்தவள்

என் கண்ணுக்கு,

நீ கொடுத்தனுப்பிய கேசட்டும் கடிதமும் போன வாரம் வந்து சேர்ந்தன. அந்த ஓமலூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டம் வரைக்கும் வெயிலில் நடந்தே வந்து கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். நீ கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய் என்று சொன்னார். உன் அம்மாவுக்கு அந்தச் சேதி ஒன்றே போதுமாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், எங்க பையன் துபாயில சதை போட்டிருக்கறானாம் என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறாள். கல்யாணச் சட்டைக்கு அளவு மறுபடி எடுக்க வேண்டியிருக்குமே என்று எனக்குத்தான் கவலை.

உன் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்றை நீ மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தாய். இன்னொன்றை ஒரே வரியில், போகிற போக்கில் எழுதியிருந்தாய். மூன்று பக்கத்து விஷயம் பாட்டைப் பற்றியது. உன் அறையில் இருக்கிற மலையாளத்துப் பையனும் கோயமுத்தூர்ப் பையனும் ஒரு வெள்ளிக்கிழமை லீவு முழுக்க இந்தக் கேசட்டை வைத்துச் சண்டை போட்டார்களாம். அமெரிக்காவில் ஏழைகள் குடியிருக்கும் தெருவில், ஒரு பதினைந்து வருஷத்துக்கு முன்னால், இரண்டு ரிக்கார்டு பிளேயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ரிக்கார்டில் இரண்டு வாங்கிப் போட்டு, பாட்டின் நடுவே மேளம் மட்டும் வருகிற துண்டை மாற்றி மாற்றி ஓட்டினார்களாம். மேளம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க, அதன் மேல் ஆட்கள் பாடாமல் பேசினார்களாம். அதற்குத்தான் ஹிப் ஹாப் என்று பெயராம். இது பிறக்காமலே போயிருந்தால் உலகத்துப் பாட்டெல்லாம் இன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்பது உங்கள் சண்டை. இருபது வருஷத்துக்கு மேல் மைக் செட் ஓட்டியவர் ஆயிற்றே, நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் அப்பா என்று கேட்டிருந்தாய்.

அந்த ஒரு வரி விஷயம் உனக்கு நிச்சயம் செய்திருக்கிற சுமதியைப் பற்றியது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் மெல்லிசைக் குழுவில் பாடுவதை நிறுத்திவிட்டால் நல்லது, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நீங்களே மேட்டூருக்குப் போய் அவர்கள் வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போகப்போவதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். நான் மேட்டூருக்கு இன்னும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்ல வேண்டுமானால் உனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேசட்டைப் போட்டுக் கேட்பதற்கு முன்பே என்னிடம் தீர்ப்புத் தயாராக இருந்தது. அது வராமல் போயிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது என்றுதான் எழுத நினைத்தேன். போன வருஷம் சேலம் பொருட்காட்சியில், அமெரிக்கா ஆட்டம் என்று சொல்லிக் கையுறை போட்ட பையன்கள் தரையில் விழுந்து பம்பரம் மாதிரி சுற்றியதைப் பார்த்தேன். அது வராமலிருந்தால் அவர்கள் வீட்டில் துணி துவைக்கிறவர்களுக்காவது வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தீர்ப்புச் சொல்லக் கேட்டாயே என்று இரண்டு நாள் யோசித்தேன். மைக் செட்காரனுக்குப் பாட்டைக் கேட்கிற முறையே வேறு. மற்றவர்கள் பாடுகிற குரலைக் கேட்பார்கள். நாங்கள் பந்தலில் உட்கார்ந்திருக்கிறவர்களின் காலைப் பார்ப்போம். எந்த இடத்தில் கால் ஆடுகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள், தவிலோ பம்பையோ கொஞ்ச நேரம் வெளுத்து வாங்குமே, கால்கள் அங்கேதான் ஆடும். பாடகர் வாயைத் திறந்ததும் நின்றுவிடும். ஊருக்கே சமைத்துப் போட்டுவிட்டுக் கடைசிப் பந்தியில் மிச்சத்தைச் சாப்பிடுகிற சமையல்காரர் மாதிரிதான் படப் பாட்டில் மேளக்காரர் இருந்தார். அந்த அமெரிக்காப் பையன்கள் வராமல் இருந்திருந்தால் அவர் இன்னும் கடைசிப் பந்தியிலேயே இருந்திருப்பார். வயலின்கள் நூறு இருநூறு என்று பெருகியிருக்கும். மெட்டு இன்னும் இனிமையாகியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மைக் என்பது இனிமையான தொண்டை உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று ஆகியிருக்கும். கரகரத்த குரல்காரர்களும், சொல்வதற்கு விஷயம் இருந்து பாட வராதவர்களும் கீழேயே நின்றிருப்பார்கள்.

இந்த ஞானம் எனக்கு உன் கேசட்டில் கிடைத்ததில்லை. நம் மேச்சேரிப் பக்கத்திலேயே, ஒரு சீர் வீட்டுப் பந்தலில் கிடைத்தது. நீ அப்போது மேட்டூரில் சித்தி வீட்டில் தங்கி எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது.

வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சீர் செய்கிற வீடு அது. நான் அந்தக் காலத்தில் இரண்டு பிளேயர் வைத்திருந்தேன். ஒன்றில் பாட்டு முடியும்போது இன்னொன்றில் அடுத்த பாட்டு தொடங்கிவிட வேண்டும், நடுவில் ஒரு நொடிகூட ஒலிபெருக்கி சும்மா இருக்கக் கூடாது என்பது என் தொழில் கர்வம். பந்தியில் உட்காரச் சொல்லி வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். கூட வந்திருந்த உன் அம்மாவைப் பிளேயர் பெட்டியிடம் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஊசி எடுக்கவும் வைக்கவும் அவளுக்குப் பழக்கம்தான், வீட்டில் ரிக்கார்டு துடைக்கிறவளே அவள்தான். பாயசம் வருகிற நேரம், ஒலிபெருக்கியில் ஒரு பாட்டின் மேளத் துண்டு வந்தது. முடிந்தது. திரும்ப அதே மேளம். திரும்பவும் அதே. ரிக்கார்டில் கீறல் விழுந்து ஊசி மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மைக் செட்காரனுக்கு அதைவிட மானக்கேடு வேறு கிடையாது, நாலு ஊருக்குக் கேட்கிற மானக்கேடு. இலையை மூடாமல், கையைக் கழுவாமல், எச்சில் கையோடு ஓடினேன்.

போய்ப் பார்த்தால் கீறலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டு ரொம்பப் பேர் கேட்கிறார்கள் என்பதால் நான் அதில் இரண்டு ரிக்கார்டு வாங்கி வைத்திருந்தேன். அம்மா இரண்டையும் இரண்டு பிளேயரிலும் போட்டிருந்தாள். இதில் மேளம் முடிகிறபோது அதில் ஊசியை வைக்கிறாள். அதில் முடிவதற்குள் இதில் ஊசியை எடுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகிறாள். பந்தலில் முப்பது பெண்கள் சீர்ப் பெண்ணைச் சுற்றி நின்று கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் வந்து வந்து கும்மியைக் கெடுக்கிறார், அந்த மேளத்தை மட்டும் போடு புள்ளே என்று கேட்டார்களாம், இவள் போட்டிருக்கிறாள். நான் எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் பார்க்கவே இல்லை.

அந்தக் கும்மியில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாள். ஆடு மேய்க்கிறவள், ஆட்டை அதட்டி அதட்டித் தொண்டை கட்டிப்போன குரல். கும்மிப் பாட்டில் அவளை யாரும் முன்னால் விடமாட்டார்கள். மேளம் நிற்காமல் ஓடவும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. பாடவில்லை. பேசினாள். மேளத்தின் அடிக்கு அடி சரியாக வைத்து, சீர் கொண்டுவந்த தாய்மாமனைக் கேலி பேசினாள். மாமன் கட்டி வந்த வேட்டி, ஏறி வந்த மாட்டு வண்டி, மறந்துவிட்டு வந்த மல்லிகைப் பூ, எல்லாம் வந்து விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி முடித்ததும் இன்னொருத்தி எடுத்தாள். அப்போது எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அம்மாவும் என்னோடு வந்தாள். ரிக்கார்டின் நடுவே ஒட்டியிருக்கிற தாளில் ஈர்க்குச்சியால் சாந்து தொட்டுச் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக்கொள்வாள். அந்தப் பொட்டு தன் பக்கம் திரும்புகிறபோது ஊசியை இறக்கினால் மேளத்தின் முதல் அடி பிசகாமல் விழும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு அவள் சொல்லித் தந்தும் வரவில்லை. மேச்சேரி, ஜலகண்டாபுரம், நங்கவள்ளி என்று எங்கே சீர் என்றாலும் பாவாயியையும் மற்றப் பெண்களையும் அந்தந்த வீட்டுக்காரர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள். நீ எழுதியிருக்கிற அந்த அமெரிக்காத் தெருவிலும் ஏறக்குறைய இதே வருஷங்கள்தான். நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அளவுக்குப் புத்தி கெட்டுப் போகவில்லை. அங்கே வளர்ந்தது, இங்கே நின்றுபோயிற்று. நின்றதற்குக் காரணம் நான்.

பெரிய குடும்பம் ஒன்றில் சீர். தாய்மாமன் திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் லாரி வைத்திருந்தவர், அந்தக் குடும்பத்துக் கல்யாணம் காட்சிக்கெல்லாம் நம் செட்தான் போகும். அம்மா ஊசியை மாற்றி மாற்றி வைக்கிறாள், பாவாயி மைக்கைப் பிடித்திருக்கிறாள்.

"ஊரு ஊரா ஓட்ட போட்டுத்
தண்ணி எடுத்த மாமனுங்க
அக்கா மவ சீருக்குத்தான்
ஆழம் பத்தலீங்க
மடியில கைய விட்டாருங்க
மண்ணு கூட வரலீங்க"

பந்தலே குலுங்கிச் சிரித்தது. நான் மாமனைப் பார்த்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், தோள் இரண்டும் ஆடின. கோபத்தில் ஆடுகிறார் என்று நினைத்துவிட்டேன். ஒரே எட்டில் போய் இரண்டு ஊசியையும் தூக்கினேன். ரிக்கார்டில் சர்ரென்று கோடு விழுந்த சத்தம் நாலு ஊருக்கும் கேட்டது. பாவாயி கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, பொம்பளைங்க கொஞ்சம் அடக்கமா இருக்கோணும், கூத்தடிக்கற எடமில்ல இது என்று மைக்கிலேயே சொன்னேன். பிறகு ஒரு பக்திப் பாட்டைப் போட்டேன். கும்மி அடித்த பெண்களெல்லாம் தட்டிய கை அப்படியே நிற்க என்னைப் பார்த்தார்கள். அம்மா பெட்டியை விட்டு எழுந்து தள்ளி நின்றுகொண்டாள். அவள் விரலில் சாந்து அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த மாமன் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணு. வாய் நிறைய வெற்றிலை, சட்டையில் சிந்தாமல் இருக்கத்தான் துண்டு.

"ஏனுங்க மைக் செட்காரரே, தாய்மாமனக் கேலி பேசலீன்னா அது என்ன சீருங்க? நாஞ் செத்துப் போனாப்பல சாமி பாட்டப் போட்டுட்டீங்களே."

நான் பிறந்து வளர்ந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? சீரில் மாமனைக் கேலி பேசுவது அவருக்குச் செய்கிற மரியாதை. கேலி பேசாமல் விட்டால்தான் குறை. அதை மறந்துவிட்டு, அவருடைய மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவருக்கு வரவேண்டிய மரியாதையை நடுவில் அறுத்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பாவாயியிடம் கேட்கவில்லை. உன் அம்மாவிடமும் கேட்கவில்லை. திரும்பி வருகிற வழியில் வண்டியில் அவள் ரிக்கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொட்டுகளை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு பெட்டிப் பக்கம் அவள் வரவே இல்லை. யாராவது விசாரித்தால் ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நான்தான் பொய் சொன்னேன்.

இவ்வளவு எழுதியும் இன்னும் முழு உண்மையை எழுதவில்லை. மாமன் கோபித்துக்கொள்வார் என்ற பயம் பாதிதான். மீதி வேறு. அந்த இரண்டு வருஷமாக, சீர் வீட்டுக்கு நாள் சொல்ல வருகிறவர்கள் என்னிடம், உங்க ஊட்டம்மாவும் வருவாங்கல்லங்க என்று கேட்பார்கள். அவள் வருவாள் என்றால்தான் நாள் சொல்லுவார்கள். ஒலிபெருக்கியை மரத்தில் ஏறிக் கட்டுகிறவன் நான், ஆம்ப்ளிபையரை ரிப்பேர் பார்க்கிறவன் நான், பேர் அவளுக்கு. எனக்குப் பொறாமை, கண்ணு. அதை அடக்கம், வழக்கம், நாலு பேர் பேசுவார்கள் என்று வேறு வேறு பெயர் சொல்லி எனக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தேன். அன்றைக்கு மாமன் துண்டால் வாயைப் பொத்தியதும் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். உன் ஒரு வரியில் நாலு பேர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த நாலு பேர் யார் யார் என்று உன்னையே ஒருதரம் கேட்டுப் பார். நான் எண்ணிப் பார்த்தேன், என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை.

இப்போது உன் கேசட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் உட்கார்ந்து டேப் ரிக்கார்டரில் போட்டேன். அம்மா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மேளம் தொடங்கியது, நின்று மறுபடி தொடங்கியது, ஒருவன் கரகரவென்று பேச ஆரம்பித்தான். எனக்கு அந்த இங்கிலீஷில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். பிறகு அவளாகவே கேட்டாள்.

"ஏனுங்க, திட்டறாங்களா, சிரிக்கறாங்களா?"

உன் கடிதத்தில் படித்ததை வைத்து, இரண்டும்தானாம் என்று சொன்னேன். வேலை இல்லாதது, வீடு இல்லாதது, போலீஸ் அடிப்பது எல்லாவற்றையும் கேலியாகச் சொல்கிறார்களாம் என்றேன்.

"அப்பக் கும்மிதானுங்க" என்றாள். "பாவாயி இருந்திருந்தா இவனுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பா."

பாவாயி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் டேப்பை நிறுத்தினேன். உன் கடிதத்தை எடுத்து, சுமதியைப் பற்றிய அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அதோடு விடவில்லை. அன்றைக்கு மைக்கில் அப்படிச் சொன்னது தப்பு, நிறுத்தியதும் தப்பு என்று, பன்னிரண்டு வருஷம் கழித்து, கடலைத் தோலுக்கு நடுவே உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்றோ, அதெல்லாம் அப்பவே மறந்துட்டனுங்க என்று சொல்வாள் என்றோ எதிர்பார்த்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, சாதாரணமான குரலில் சொன்னாள்.

"பன்னண்டு வருசமா நீங்க கேட்டதுக்குத்தான் நான் பதில் சொல்லிட்டிருக்கறன். நானா ஒரு பேச்சு எடுத்ததில்லீங்க. நீங்க அதக் கவனிக்கவே இல்ல."

நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். வரப்பில் நடந்துகொண்டே நினைத்துப் பார்த்தேன். சோறு ஆயிற்றா என்றால் ஆயிற்று. ஆடு வந்ததா என்றால் வந்தது. பையனுக்குக் கடுதாசி போடணுமே என்றால் போடுங்க. நம் வீடு சண்டை இல்லாத வீடு என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். பேச்சே இல்லாத வீட்டில் சண்டை எப்படி வரும்? அன்றைக்கு ஊசியை நான் தூக்கியதும் பாட்டு மட்டும்தான் நின்றது என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன். அத்தனைக்குப் பிறகும் அவள் எனக்கு ஒரு வேளை கஞ்சியைக்கூடக் குறைத்ததில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது மேட்டூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் தரையில் படுத்துக் கிடந்தாள். உன்னைக் கப்பல் ஏற்றுவது மாதிரி விமானம் ஏற்றியபோது என் கையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் எனக்கு வாய்த்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், கடலைக் காட்டில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். உன்னிடம் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உனக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கேசட்டை நீ அனுப்பாமல் இருந்தால், அவளாக வாய் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். இன்னொருத்தருக்கும் நன்றி சொல்ல வேண்டும், ஆனால் விலாசம் தெரியாது. அந்த அமெரிக்காப் பையன் முதல் முதலாக இரண்டு பிளேயரையும் வைத்து ஒரே மேளத்தைத் திரும்பத் திரும்பப் போட்டபோது, வீட்டில் அப்பாவோ அம்மாவோ இருந்திருப்பார்களே. ஊசி தேய்கிறது, ரிக்கார்டு கெடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும். ஒயரைப் பிடுங்காமல் விட்டார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். நீங்கள் மூன்று பேரும் ஒரு வெள்ளிக்கிழமை பூராவும் சண்டை போட்டுத் தேடிய பதில் அதற்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஹிப் ஹாப் வராமல் போவதற்குப் பெரிதாக ஒன்றும் நடந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் என்னைப் போல ஒருத்தன் இருந்திருந்தால் போதும். அப்புறம் வேறு எங்கேயாவது வேறு பெயரில் வந்திருக்கும் என்றும் சொல்லலாம், மேளம் நிற்காமல் வேண்டும் என்று கேட்கிற கால்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஆனால் எல்லா ஊரிலும் என்னைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை வெள்ளை வேட்டி கட்டி மேட்டூர் பஸ் ஏறக் கிளம்பினேன். அம்மா வாசல் வரைக்கும் வந்து, என்ன சொல்லப் போறீங்க என்று கேட்டாள். நீ சொல்லச் சொன்னதைச் சொல்லப் போவதில்லை என்றேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நம் பந்தலில் சுமதியின் குழுவே பாடட்டும் என்று அவள் அப்பாவிடம் கேட்கலாமா என்று அம்மாவையே கேட்டேன். அவள், பையனக் கேக்காமச் செய்யாதீங்க, ஒருக்கா நீங்க கேக்காமச் செஞ்சது போதும் என்றாள். அவள் சொல்வது சரி. வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். சுமதி பாடுவதா வேண்டாமா என்பது சுமதி சொல்ல வேண்டிய பதில். நீ அவளுக்கே எழுதிக் கேள். பாடுகிறேன் என்று அவள் சொன்னால் முன் வரிசையில் உட்கார்ந்து கேள். உன்னைத் தெரிந்தவர்களைவிட அவளைத் தெரிந்தவர்கள் நாலு பேர் கூடுதலாக இருந்தால் மனது கொஞ்சம் வலிக்கும். அந்த வலியை அவளிடமே சொல்லிவிடு, சொன்னால் சிரிப்பாள், அதோடு போகும். நான் சொல்லாமல் வைத்திருந்து பன்னிரண்டு வருஷத்தைக் கெடுத்தேன்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கும்மிக்குத் தட்டுகிற மாதிரி தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டு, இதையும் அவனுக்கு எழுதுங்க என்றாள். சொல்லச் சொல்ல எழுதினேன்.

"ஏழு கடலு தாண்டிப் போயி
என்ன மவனே கொண்டாந்தே?
பாட்டு நெறஞ்ச பொட்டி ஒன்னு
பாசமாத்தான் கொண்டாந்தே
பாடற புள்ள வேண்டாமுன்னு
பயத்தை எதுக்குக் கொண்டாந்தே?
உங்கப்பங்கிட்ட இருந்ததத்தான்
ஒளிச்சு வெச்சுக் கொண்டாந்தே"

உங்கப்பன் என்ற சொல்லை நான் விட்டுவிடுவேனோ என்று சந்தேகம் அவளுக்கு. எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். ஒன்றும் விடாமல் படித்தேன். இன்னும் நாலு அடி பாக்கி இருக்கிறதாம். அதை எழுதித் தர மாட்டாளாம். கல்யாணப் பந்தலில், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மைக்கில்தான் சொல்லுவாளாம்.

சீக்கிரம் வந்து சேர் சாமி.

இப்படிக்கு,
உன் அப்பா